காதால் பார்க்க முடியாத படங்கள்

வணக்கம் அம்மா,

அமெரிக்க நடிகை லிலியன் கிஷ் நடித்த மௌனப் படங்களைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு, 1919இல் வந்த ‘புரோக்கன் பிளாசம்ஸ்’ படத்தை யூடியூபில் தேடிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. எல்லோரும் ஓட்டமும் நடையுமாகத் திரிகிறார்கள். முகங்கள் வெளுத்துக் கிடக்கின்றன. சீனராக வருபவர் சீனரே இல்லை. பின்னணியில் காட்சிக்குச் சம்பந்தமில்லாத பியானோ. நூறு ஆண்டு பழையது என்பதற்காகவே இதை மதிக்க வேண்டுமா? அல்லது எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? எங்கிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

க., திருச்சி

அன்புள்ள தம்பி,

பழையது என்பதற்காக எதையும் மதிக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மோசமான பிரதியாக இருக்கும். அக்காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். விநாடிக்கு 16 சட்டகங்களும் (ஃபிரேம்) உண்டு, 20க்கு மேலும் உண்டு. ஒரே படத்துக்குள்ளேயே வேகம் மாறும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. பழைய சுருளை அப்படியே 24இல் ஓட்டினால், துயரத்தில் தளர்ந்து நடப்பவள்கூடத் தத்தித் தத்தி ஓடுவாள். பிரதியிலிருந்து பிரதி எடுத்ததால் முகங்களும் வெளுத்துப்போகும். ஆகவே மீட்டெடுக்கப்பட்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள். ஒட்டாத இசை வந்தால் ஒலியை நிறுத்திவிடுங்கள், பாவமில்லை.

பிரதி நல்லதாகவே இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. பேசும் படத்தைப் பாதி காதால்தான் பார்க்கிறோம். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பார்க்கலாம், கதை கைவிட்டுப் போகாது. மௌனப் படத்தில் பத்து விநாடி தலையைத் திருப்பினால் போயிற்று. அதிலும் கிஷ் நடித்த படம் என்றால், நீங்கள் தவறவிடுவது மொத்தப் படத்துக்கும் உயிரான ஒரு விரலசைவாக இருக்கலாம். கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். இதைக் கண்டிப்புடன்தான் சொல்கிறேன்.

அவர் சிறுமியாக இருந்தபோதே நாடகக் குழுக்களுடன் ஊர் ஊராகப் போனவர். 1912இல் தங்கை டோரதியுடன் இயக்குநர் கிரிஃபித்திடம் வந்து சேர்ந்தபோது வயது 18. கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும் என்று கையை வீசி நடிப்பதுதான் மேடையின் பழக்கம். ஆனால் கேமரா முகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவ்வளவு அருகில் வந்து பார்க்கும் ஒருவருக்கு எவ்வளவு காட்டினால் போதும் என்பதை அந்த ஆண்டுகளில் கிஷ் தாமாகவே கண்டுபிடித்தார். இன்று திரையில் யாராவது ஒன்றும் செய்யாமல் நின்று நம்மை உலுக்கினால், அதற்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்றே நான் நினைக்கிறேன்.

நீங்கள் பாதியில் விட்ட படத்தையே எடுத்துக்கொள்வோம். தகப்பனின் அடிக்கு அஞ்சி வாழும் லூசியிடம் அவன் சிரிக்கச் சொல்கிறான். சிரிப்பு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. இரண்டு விரல்களால் உதட்டின் ஓரங்களை மேலே தள்ளிவிடுகிறாள். கண்கள் அப்படியே இருக்கின்றன. பின்னால் அவன் கோடரியால் கதவைப் பிளக்கும்போது, அந்தச் சிறிய அலமாரி அறைக்குள் அவள் சுற்றிச் சுற்றி வருகிறாள். திரும்ப இடமில்லாத இடத்தில் திரும்பிக்கொண்டே இருக்கிறாள். அதை முதன்முறை பார்த்த அன்று படத்தை நிறுத்திவிட்டு, நான் வாசலில் போய் நின்றேன். ஒலியே இல்லாத அலறல் அது. சீனராக வெள்ளைக்காரரை நடிக்கவைத்தது குறித்து நீங்கள் சொன்னது சரி. அந்தக் குறை எனக்கும் உறுத்துகிறது, உறுத்தட்டும்.

‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’ படத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1915இல் வந்த அந்தப் படம் கறுப்பின மக்களை இழிவுபடுத்தி, கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை மீட்பர்களாகக் காட்டுகிறது. கிஷ் அதில் நாயகி. வரலாறு படிப்பதற்காக ஒருநாள் பாருங்கள்; அவரை அறிமுகம் செய்துகொள்ள அது வேண்டாம்.

தொடங்க வேண்டியது 1928இல் வந்த ‘தி விண்ட்’. கதையைத் தேர்ந்தெடுத்து எம்ஜிஎம் நிறுவனத்திடம் கொண்டுபோனவர் கிஷ்தான். ஸ்வீடனிலிருந்து வந்த விக்டர் ஷோஸ்ட்ரம்தான் இயக்க வேண்டும் என்று கேட்டவரும் அவரே. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸுக்கு வரும் லெட்டி என்ற பெண், ஓயாத காற்றுக்கும் புழுதிக்கும் நடுவே நிலைகுலைவதுதான் கதை. மொஹாவி பாலைவனத்தில் எடுத்தார்கள். விமான இயந்திரங்களை வைத்து கிஷ்மீது மணலை வாரி அடித்தார்கள். வெயிலில் படச்சுருள் கெட்டுவிடாமல் குளிர்பதனம் செய்து வைக்க வேண்டியிருந்தது. திருமண இரவில் ஷோஸ்ட்ரம் முகங்களை விட்டுவிட்டுக் கால்களைக் காட்டுகிறார். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கால்கள், அந்தப் பக்கம் அவன் பூட்ஸ். வசனம் இருந்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். பிறகு, தற்காப்புக்காகத் தான் சுட்டுக் கொன்ற வேறொருவனை மணலில் புதைத்துவிட்டு, காற்று அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதை ஜன்னல் வழியே பார்க்கிறாள். காற்றின் ஓசை நமக்குத் தேவையே இல்லை. அவர் கண்கள் விரிவதில் அது நமக்குக் கேட்கிறது. கார்ல் டேவிஸ் இசையமைத்த பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

அடுத்து ‘வே டவுன் ஈஸ்ட்’, 1920. பொய்க் கல்யாணத்தில் ஏமாந்த பெண், சாகும் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் செய்யும் காட்சிக்காகப் பாருங்கள். பலரும் பேசுவது இறுதியில் வரும் பனிப்பாளக் காட்சியைத்தான். வெர்மான்ட்டில் உண்மையான ஆற்றுப் பனிமேல் அவரைக் கிடத்தி எடுத்தார்கள். கையும் கூந்தலும் உறைநீரில் இழுபட வேண்டும் என்பது அவருடைய யோசனையே. அந்தக் கை கடைசிவரை முழுதாகக் குணமாகவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். இதைத் தியாகம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. யாராவது தடுத்திருக்க வேண்டும்.

அதே 1920இல் அவர் ஒரு படம் இயக்கினார். ‘ரீமாடலிங் ஹெர் ஹஸ்பண்ட்’, டோரதி நாயகி. அவர் இயக்கியது அது ஒன்றுதான். அது இன்று இல்லை. அமெரிக்க மௌனக் கதைப்படங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு முற்றிலும் அழிந்துவிட்டதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பிடிக்கும், மட்கிப் பொடியாகும். பேசும் படம் வந்ததும் இவை விலைபோகாது என்று எரித்தும் எறிந்தும் விட்டார்கள். தன் தங்கையின் முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று கிஷ் எப்படிப் பார்த்தார் என்பதை நாம் இனி அறிய முடியாது. இருக்கிற படங்களை வேகம் தவறிய பிரதியில் பார்த்துவிட்டு நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதுவது அதனால்தான்.

‘தி விண்ட்’ தொடக்கத்தில் ஒரு ரயில் பயணம் வரும். மணல் வந்து ஜன்னல் கண்ணாடியில் அறையும்போது லெட்டியின் முகத்தைக் கவனியுங்கள். பார்த்துவிட்டு அந்த முகத்தைப் பற்றி மட்டும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா