நேர்மையான பிள்ளைக்கு மின்துறை சரிவருமா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. மின்பொறியியல் படித்து ஒருநாள் பெரிய மின் நிறுவனத்தை நடத்த வேண்டும் என்கிறார். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, டெண்டரும் அரசியலும் புழங்கும் இடத்தில் எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் உங்கள் கவலை. அந்தக் கவலை நியாயமானது. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் இந்தத் துறைக்கு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கே நேர்மை தினமும் எழுதும் எண்களில் இருக்கிறது. ஷிப்ட்டில் நிற்பவர் மணிக்கு மணி பதியும் வெப்பநிலை, வெளியே விடும் நீரின் அளவீடு, கொள்வனவுக் குழு ஒரு கம்பனிக்குக் கொடுக்கும் புள்ளி. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போது எந்த வலயத்தை எப்போது வெட்டுவது என்று ஒருவர் மேசையில் இருந்து அட்டவணை போட வேண்டியிருந்தது. வேண்டியவர் தெருவை மட்டும் தவிர்க்கச் சொல்லி ஒரு அழைப்பு வந்தால் என்ன பதில் சொல்வது? உங்கள் மகன் முகம் கொடுக்கப்போவது இப்படியான கேள்விகளுக்குத்தான்.

அமெரிக்காவின் ஏஇஎஸ் என்ற மின் நிறுவனத்தைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். நம் களனிதிஸ்ஸவிலும் ஒரு மின்நிலையம் கட்டியவர்கள். 1981இல் ரொஜர் சாண்ட், டெனிஸ் பாக்கி என்ற இருவர் தொடங்கியது. நேர்மை, நியாயம், சமூகப் பொறுப்பு, வேலையில் மகிழ்ச்சி என நான்கு கொள்கை வைத்தார்கள். 1991இல் பங்கு வெளியிட்டபோது, கொள்கையும் இலாபமும் மோதினால் கொள்கையின் பக்கமே நிற்க முயல்வோம், அதனால் இலாபம் குறையலாம் என்பதை முதலீட்டாளருக்கான அபாயங்களில் ஒன்றாகவே எழுதினார்கள். அடுத்த வருடம் ஒக்லஹோமா நிலையத்தில் சில ஊழியர்கள் கழிவுநீர்ப் பரிசோதனை முடிவுகளை மாற்றி எழுதியது வெளியே வந்தது. பங்கு விலை சரிந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான். கொள்கையை எவ்வளவு அழகாக எழுதி வைத்தாலும், கெட்ட எண்ணைக் கொண்டுவருபவர் ஏச்சு வாங்காமல் திரும்பிப் போக முடியாவிட்டால், அந்த எண் திருத்தப்பட்டுத்தான் மேலே வரும். கீழே இருப்பவரின் பயத்தைப் போக்குவதுதான் நிர்வாகியின் முதல் வேலை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்: பின்னாளில் தலைமை நிர்வாகியான பாக்கி, பங்கு விலை பெரிதும் விழுந்த 2002இல் பதவியை விட்டுப் போனார். நல்ல கொள்கை இருந்தால் நட்டம் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? மொறட்டுவையோ பேராதனையோ கிடைத்தால் முதல் வருடத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்பொறியியல் பிரிவு கிடைப்பதை அங்கே எடுக்கும் பெறுபேறுதான் தீர்மானிக்கும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கைகொடுக்காவிட்டால் தியகமவில் என்டிடி என்ற தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது, நாவல திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. சுற்றுவழிதான், ஆனாலும் அதில் போய்ப் பட்டயப் பொறியியலாளர் ஆனவர்கள் உண்டு.

பட்டம் முடித்த கையோடு எம்பிஏ படிக்க அனுப்பாதீர்கள். முதலில் சில வருடம் மின்நிலையத்திலோ உபநிலையத்திலோ வேலை செய்யட்டும். வேலை தெரிந்தவரால்தான் "இதில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று எண்ணைக் காட்டி விளக்கவும் முடியும். வேலை தெரியாதவரின் மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். அதோடு 2024இன் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்திருக்கிறது. இனி நிர்வாகத்துக்கு வருகிறவர்கள் ஒப்பந்தத்தையும் கட்டண ஒழுங்குமுறையையும் வாசித்து விளங்க வேண்டும். எம்பிஏயை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, சிங்களம். தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகள் பலர் ஆங்கிலத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள். இரவு ஷிப்ட்டில் நிற்கும் டெக்னீஷியன் தன் பிழையை ஆங்கிலத்தில் வந்து சொல்ல மாட்டார். உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் மகனை ஒரு சிங்கள வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.