இருபத்துநாலு கியர் இருக்கட்டும், ஃபோர்க் எப்படி?

கே: மூன்று வருடமாக ஒரு சாதாரண ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மலை சைக்கிள்) ஓட்டுகிறேன். தேயிலைத் தோட்டத்து இறக்கங்களில் கை மரத்துப் போகிறது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கை மட்டும் மாற்றினால் போதுமா, புது வண்டியே வாங்கவா? (கோத்தகிரி)

ப: முதலில் ஹெட் டியூபை, அதாவது ஃபோர்க்கின் தண்டு நுழையும் பிரேம் குழாயை, பாருங்கள். மேலும் கீழும் ஒரே அகலம் என்றால் பெரும்பாலும் பழைய ஒன்றே அரைக்கால் இஞ்ச் தண்டுக் கணக்கு. இப்போது வரும் நல்ல ஏர் ஃபோர்க்குகளில் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று) தண்டு பெரும்பாலும் டேப்பர்டு, அடியில் அகலம். கீழே ஒன்றரை இஞ்ச். உள்ளே போகாது. போனாலும் 15 மி.மீ. ஆக்ஸிலுக்கு முன்சக்கரத்தையும் மாற்ற வேண்டும். இருபதாயிரத்துக்கு மேல் இழுத்துவிடும். அந்தப் பணத்தைச் சேர்த்துவைத்து 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் உள்ள ஹார்ட்டெயிலாக வாங்குங்கள். அதுவரை டயர் காற்றைக் குறையுங்கள். எவ்வளவு வைத்து ஓட்டுகிறீர்கள் என்று எழுதவே இல்லை. 45 பிஎஸ்ஐ இருந்தால் கை மரக்காமல் என்ன செய்யும்? 2.25 டயருக்கு, ட்யூபோடு, 28, 30 போதும்.

கே: என் உயரம் 5 அடி 9. எனக்கு 29 இஞ்ச் வண்டி சரியாக இருக்குமா? (சென்னை)

ப: 29 என்பது சக்கரத்தின் அளவு. உங்களுக்குப் பார்க்க வேண்டியது பிரேம் அளவு. எம், எல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். இரண்டிலும் ஏறி, பெடலில் நின்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கே: நல்ல எம்டிபி (மலை சைக்கிள்) எது? உடனே சொல்லவும்.

ப: உயரம் இல்லை, பட்ஜெட் இல்லை, எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதும் இல்லை. நல்ல மாப்பிள்ளை யார் என்று தரகரிடம் கேட்டால்கூடப் பெண் யாரென்று திருப்பிக் கேட்பார்.

கே: இருபதாயிரத்துக்குள், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள டபுள் சஸ்பென்ஷன் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ட்ரெயிலுக்குத் தாங்குமா? (கோயம்புத்தூர்)

ப: தாங்காது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, நானும் சொல்லாத மாதமில்லை. எனக்கும் இந்த ஆசை இருந்தது. முதல் சம்பள போனஸில் ஒன்று வாங்கினேன். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் ஊஞ்சல் மாதிரி ஆடும். மிதித்த பலத்தில் பாதி ஸ்பிரிங்குக்கே போகும். எட்டு மாதத்தில் பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘கடக் கடக்’ என்றது. பின்பக்கம் அசையும் மூட்டில் இருக்கும் பிவட் புஷ் தேய்ந்துவிட்டது. வாங்கிய கடையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ‘சரியாப் போச்சு சார்’ என்றார்கள். அடுத்த வாரமே மறுபடியும் கடக் கடக்.

ஒரு சோதனை சொல்கிறேன். சீட்டில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி, சட்டென்று விடுங்கள். பின்பக்கம் துள்ளி எழுந்தால் உள்ளே வெறும் ஸ்பிரிங்தான், துள்ளலை அடக்கும் டேம்பிங் கிடையாது. கல்லும் வேருமான இறக்கத்தில் அந்தத் துள்ளல் உங்களை ஹேண்டில்பாருக்கு மேலே அனுப்பும். எடையும் பதினேழு கிலோ பக்கம். உருப்படியான ஃபுல் சஸ்பென்ஷன் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே புதிதாக வருவது அபூர்வம். அதற்கும் ஷாக் சர்வீஸ், பேரிங் என்று செலவு தொடரும். அதே இருபதில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள ஹார்ட்டெயில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் சேமியுங்கள். அப்புறம், ஹெட் டியூபைப் பார்க்க மறக்காதீர்கள்.

கே: 24 கியரா, 12 கியரா?

ப: 12. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 பல் முதல் 51 பல் வரை பன்னிரண்டு. எந்த ஏற்றத்துக்கும் போதும். 24-இல் பல ஒன்றையொன்று ஒத்தவை. பழைய வண்டியில் இதை மாட்டலாம் என்று கிளம்பாதீர்கள், ஹப்பே வேறு.

கே: பழைய வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. பிரேக் லீவர் ஹேண்டில்பார் வரை அமுங்குகிறது. எண்ணெய் மாற்றினால் போதுமா? (நுவரெலியா)

ப: காற்று புகுந்திருக்கலாம், பிளீட் செய்து (உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி) பாருங்கள். ஷிமானோ பிரேக் என்றால் மினரல் ஆயில். ஸ்ராமில் பெரும்பாலும் டாட் திரவம். மாற்றி ஊற்றினால் சீல் ஊதி, பிரேக்கே போய்விடும். விலை பேசுமுன் ஹெட் டியூபைச் சுற்றி வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

கே: ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட் அவசியமா?

ப: இறக்கத்தில் சீட் வயிற்றில் இடிக்கிறது என்றால் அவசியம். 27.2, 30.9, 31.6 மி.மீ. என்று விட்ட அளவுகள் உண்டு. ஸ்கேலை வைத்து அளந்து ஆர்டர் போடாதீர்கள். பழைய சீட்போஸ்ட்டை உருவிப் பார்த்தால் பெரும்பாலும் அதிலேயே அச்சடித்திருக்கும்.