மார்கழி வீக்கெண்டுல மெட்ராஸ், கூட ஒரு ஹாக்கி மேட்ச்: கேட்டதுக்கெல்லாம் பதில்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல இருந்து கூட்டாளிமாரோட ரெண்டு நாள் மெட்ராஸ் போயி எழும்பூர் ஸ்டேடியத்துல ஹாக்கி பாத்துட்டு வர்றது எப்படின்னு ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்கீங்க. நான் ஸ்கூல்ல இருந்தே ஸ்டிக் புடிச்ச ஆளாக்கும், இப்ப முட்டு ஒத்துழைக்காததால கேலரில உக்காந்து சத்தம் போடுறதோட சரி. கேள்விய அப்படியே போட்டு கீழ பதில் எழுதியிருக்கேன்.

தக்கலைக்காரன்: அண்ணே, நாங்க அஞ்சு பேரு. வெள்ளிக்கிழமை கிளம்பி திங்கக்கிழமை காலைல டூட்டில நிக்கணும். நடக்குமா?

நடக்கும் மக்களே, நம்ம ஊருக்கு ட்ரெயின் டைமிங் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. வெள்ளி சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ்ல ஏறினா ராத்திரி ஒறங்கி எந்திரிக்கும்போது சனிக்கிழமை காலைல எழும்பூர். ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அதே வண்டி அங்கருந்து கிளம்பும், திங்க விடியும்போது நாகர்கோவில் ஜங்ஷன்ல எறங்கிடலாம், வீட்டுக்கு போயி குளிச்சிட்டு நேரா டூட்டிக்கு போலாம். நீங்க தக்கலைங்கதால இரணியல்ல அனந்தபுரி எக்ஸ்பிரஸும் புடிக்கலாம், குழித்துறைக்காரங்களுக்கும் அதுதான் வசதி. ரெண்டுமே எழும்பூருக்குத்தான் போகுது, ஆனா எழும்பூர் ஸ்டேஷன்ல புதுப்பிக்கிற வேலை நடக்குறதால சில வண்டிய சில நேரம் தாம்பரத்தோட நிறுத்திடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துக்கிடுங்க.

இதுல முக்கியமான விஷயம் ஒண்ணு. மேட்ச சனிக்கிழமை ராத்திரிக்கு வச்சுக்கோங்க. ஞாயிறு சாயங்கால மேட்சுக்கு ஆசைப்பட்டீங்கன்னா மூணாவது குவார்ட்டர்ல ஒருத்தன் வாட்ச பாப்பான், இன்னொருத்தன் ஆட்டோ புக் பண்ணுவான், அப்புறம் யாருமே மேட்ச பாக்க மாட்டீங்க.

சுங்கான்கடை பொறியாளர்: வந்தே பாரத்ல போனா என்ன? சீக்கிரம் போயிடும்லா?

போகும். மத்தியானம் ரெண்டு இருபதுக்கு நாகர்கோவில்ல ஏறினா ராத்திரி பதினொண்ணு வாக்குல எழும்பூர், புதன்கிழமை மட்டும் ஓடாது. ஆனா வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போடணும், ராத்திரி ரூம் வாடகையும் ஒண்ணு கூடும். திரும்ப வர்ற வண்டி காலைல அஞ்சு மணிக்கே அங்க கிளம்பிடும், ஞாயிற்றுக்கிழமை மொத்தமும் போச்சு. 700 கிலோமீட்டருக்கு மேல உக்காந்தே போற பயணம்னு வேற யோசிச்சுக்கோங்க. கூட்டாளிமாரோட போறதுன்னா எனக்கு ஸ்லீப்பர்தான், சீட்டுக்கட்டு வேணும், ஒருத்தன் கொண்டு வந்த நேந்திரங்கா சிப்ஸ் வள்ளியூர் தாண்டுறதுக்குள்ள தீரணும்.

வடசேரி தம்பி: டிக்கெட் எப்ப போடணும் அண்ணா? எங்க பயலுவ கடைசி நிமிஷத்துலதான் ஆமாம்னு சொல்லுவானுவ.

60 நாளைக்கு முன்னாடியே புக்கிங் திறந்துடும். முன்னாடி 120 நாள் இருந்துச்சு, 2024 நவம்பர்ல இருந்து கொறச்சுட்டாங்க. கிறிஸ்துமஸ், பொங்கல் பக்கம்னா திறந்த அன்னைக்கே போட்டுடணும், நம்ம மாவட்டத்துல கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர்ற கூட்டம் எப்படின்னு நான் சொல்லவேண்டாம். தட்கல்னா மொத நாள் காலைல ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி, ஆதார் இணைச்ச அக்கவுண்ட் வேணும். ஆமாம்னு சொல்லாத பயல விட்டுட்டு போடுங்க, டிக்கெட் கன்ஃபர்ம் ஆனத பாத்தா தானா வருவான்.

பஸ்ல போலாமான்னும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. போலாம், ஆனா தெக்கருந்து வர்ற பஸ்ஸெல்லாம் இப்ப கிளாம்பாக்கத்தோட சரி. அங்கருந்து எழும்பூருக்கு இன்னும் 30 கிலோமீட்டர் கிட்ட இருக்கு, தாம்பரம் வரைக்கும் டவுன் பஸ், அப்புறம் எலெக்ட்ரிக் ட்ரெயின். காலைல தூக்கக் கலக்கத்துல பையத் தூக்கிட்டு அதெல்லாம் தேவையா?

திங்கள்சந்தை வாசகர்: ஹாக்கி மேட்ச் எப்ப நடக்கும்னே யாருக்கும் தெரியல. கிரிக்கெட்னா டிவில சொல்லுவான். இதுக்கு எங்க பாக்குறது, டிக்கெட் எவ்வளவு?

நியாயமான கேள்வி. எழும்பூர்ல இருக்குற அந்த மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல பெரிய ஆட்டம் வருஷம் பூரா இருக்காது, ஆனா வரும்போது நல்லா வரும். 2007ல ஆசிய கோப்பை ஃபைனல் இங்கதான், நாம கொரியாவ 7-2ன்னு அடிச்சோம். 2023 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல், பாதி ஆட்டம் முடியும்போது மலேசியா 3-1ன்னு முன்னாடி நிக்குது, கூட்டம் அப்படியே அடங்கிப்போச்சு, கடைசில 4-3ன்னு நாம ஜெயிச்சோம். அப்புறம் 2025 நவம்பர் கடைசில இருந்து டிசம்பர் 10 வரைக்கும் ஜூனியர் உலகக் கோப்பை, சென்னையிலயும் மதுரையிலயுமா 24 டீம், நம்ம பயலுவ அர்ஜென்டினாவ ஜெயிச்சு வெண்கலம் வாங்குனாங்க. அடுத்து 2026 ஜனவரில ஹாக்கி இந்தியா லீக் ஆட்டங்கள். அதாவது அந்தக் குளிர்காலத்த வச்சுப் பாத்தா டிசம்பர், ஜனவரிதான் ஹாக்கிக்கு நல்ல சீசன்.

ஷெட்யூல் ஹாக்கி இந்தியாவோட (நம்ம நாட்டு ஹாக்கிய நடத்துற அமைப்பு) வெப்சைட்டுல வந்துடும். 2025 ஜூனியர் உலகக் கோப்பைக்கு டிக்கெட் இலவசமா இருந்துச்சு, ஆன்லைன்ல பேரப் பதிஞ்சு உள்ள போனா போதும்னு இருந்துச்சு. எல்லாத்துக்கும் அப்படியேதான்னு நினைச்சுட்டு போகாதீங்க, போட்டிக்குப் போட்டி மாறும். ஆனா ஒண்ணு, ஷெட்யூல் வந்தப்புறம் ட்ரெயின் டிக்கெட் போடுங்க, ட்ரெயின் டிக்கெட் போட்டுட்டு மேட்ச் தேடாதீங்க.

குளச்சல் ஜோடிகள் (நாங்க கூட்டாளிங்கதான், பேரு மட்டும் அப்படி): எங்களுக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். ஹாக்கில விசில் ஊதுறான், நிக்கிறான், எதுக்குன்னே தெரியல. உக்காந்து பாக்க என்ன தெரிஞ்சிருக்கணும்?

ரொம்ப ஒண்ணும் வேண்டாம். பதினொரு பேரு, 15 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். ஆள மாத்துறதுக்கு ஆட்டத்த நிறுத்த வேண்டாம், ஒருத்தன் ஓடி வெளிய வருவான், ஒருத்தன் ஓடி உள்ள போவான், அதனால பத்து நிமிஷம் பாத்தா யாரு ஆடுறான்னே கொழம்பும், கவலைப்படாதீங்க. கோல் முன்னாடி அரைவட்டம் மாதிரி ஒரு கோடு இருக்கும், அந்த வட்டத்துக்குள்ள வச்சு அடிச்சாத்தான் கோலு. பந்து கால்ல பட்டா தப்பு, நீங்க பாக்குற விசில்ல பாதி அதுக்குத்தான். பச்சை கார்டு காட்டுனா ரெண்டு நிமிஷம் வெளிய, மஞ்சள்னா கொறஞ்சது அஞ்சு நிமிஷம், சிவப்புன்னா வீட்டுக்குப் போலாம். ஃபுட்பால் மாதிரி ஆஃப்சைடு கெடையாது, குளச்சல்காரங்களுக்கு அது ஒரு நிம்மதி.

ஆனா பெனால்டி கார்னர் மட்டும் தெரிஞ்சுக்கிடுங்க, காசு குடுத்து வந்தீங்களோ சும்மா வந்தீங்களோ, அதப் பாக்கத்தான் வரணும். அம்பயர் ரெண்டு கையையும் கோல் பக்கமா நீட்டுவாரு. உடனே தடுக்குற டீம்ல கோலியோட (கோல் கீப்பர்) சேத்து அஞ்சு பேரு கோல் கோட்டுக்குப் பின்னாடி நிப்பாங்க, மிச்ச ஆளெல்லாம் பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கம் போயிடணும். இந்த நாலு பேரும் அவசர அவசரமா முகத்துக்கு மாஸ்க்கும் முட்டிக்கு காப்பும் மாட்டுவாங்க, அந்த நேரத்துல ஒருத்தன் மூஞ்சியப் பாருங்க, அப்பத் தெரியும் வர்ற பந்து என்ன வேகம்னு. கோட்டுல இருந்து ஒருத்தன் பந்த உள்ள தள்ளுவான், வட்டத்துக்கு வெளிய ஒருத்தன் ஸ்டிக்க தரையோட படுக்கவச்சு நிறுத்துவான், மூணாவது ஆளு குனிஞ்சு பந்த ஸ்டிக்குலயே இழுத்துட்டு வந்து சுழட்டி விடுவான். அதுதான் டிராக் ஃப்ளிக். நேரா ஓங்கி அடிக்கிற மொத ஷாட்டு கோலுக்குள்ள கீழ இருக்குற பலகை உயரத்துக்குள்ள, 46 சென்டிமீட்டருக்குள்ள போகணும், ஃப்ளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, மேல் மூலைக்கே விடலாம். அதனாலதான் எல்லா டீமும் ஒரு ஃப்ளிக்கர தங்கம் மாதிரி வச்சுக் காப்பாத்துது. எல்லாம் சேத்து ரெண்டு மூணு செகண்டு. பந்து பின்னாடி பலகைல 'டொப்'புன்னு அடிக்கிற சத்தம் கேலரி வரைக்கும் வரும், டிவில அந்தச் சத்தமும் கெடைக்காது, அந்த வேகமும் தெரியாது.

சமன்ல முடிஞ்சு ஷூட்அவுட் வந்துச்சுன்னா எந்திரிச்சுப் போயிடாதீங்க. ஒருத்தன் 23 மீட்டர் கோட்டுல இருந்து பந்தோட ஓடி வரணும், எதிர்ல கோலி மட்டும், 8 செகண்டுக்குள்ள கோல் போடணும்.

சீக்கிரமா போயி உக்காருங்க. ஆட்டத்துக்கு முன்னாடி அந்த நீல டர்ஃபுக்கு (செயற்கைப் புல் தரை) தண்ணி பீச்சுவாங்க, லைட்டு வெளிச்சத்துல அது ஒரு காட்சி. பந்து ஒரே சீரா ஓடவும், விழுந்தா தோலு உரியாம இருக்கவும் அந்த ஈரம் வேணும். ஆட்டம் தொடங்கினப்புறம் ஒவ்வொரு அடிக்கும் பந்துக்குப் பின்னால தண்ணி தெறிக்கிறது தெரியும்.

மார்த்தாண்டம் பிள்ளைங்க: அண்ணா, நாங்க நாலு பேரும் பொண்ணுங்க, வீட்டுல விடணும்னா எங்க தங்குறோம்னு தெளிவா சொல்லணும். எங்க ரூம் போடலாம்?

எழும்பூர்லயே போடுங்க பிள்ளைகளா. ஸ்டேஷன்ல இருந்து ஸ்டேடியம் நடந்து போற தூரம், சுத்தி ஹோட்டல் நிறைய, மெட்ரோ ஸ்டேஷனும் அங்கயே இருக்கு. தி.நகர்ல சொந்தக்காரங்க வீடு இருக்கு, ஓஎம்ஆர்ல அக்கா ஃப்ளாட் இருக்குன்னு போனீங்கன்னா மேட்ச் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு மேல திரும்புறதுதான் தலைவலி, மெட்ரோ பதினொண்ணு வாக்குல முடிஞ்சிடும். ரூம் முன்கூட்டியே புக் பண்ணி, போன் பண்ணி ஒருக்கா உறுதி பண்ணிக்கோங்க, எல்லார் ஆதாரும் கைல இருக்கணும். சந்துக்குள்ள இருக்குறத விட்டுட்டு மெயின் ரோட்டுல பாருங்க. அம்மாகிட்ட ரூமோட லொக்கேஷன அனுப்பிடுங்க, அதுக்கப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா போன் வராதுன்னு நான் கேரண்டி தரமாட்டேன்.

குலசேகரம் டீச்சர்: எங்க கூட்டத்துல ரெண்டு பேருக்கு விளையாட்டே புடிக்காது. அவங்கள என்ன செய்ய?

சனிக்கிழமை பகல் மொத்தமும் அவங்களுக்குக் குடுங்க டீச்சர், ராத்திரி அவங்க உங்களுக்காக வருவாங்க. எழும்பூர் மியூசியம் பக்கத்துலயே இருக்கு, 1851ல தொடங்கினது, வெள்ளிக்கிழமைதான் லீவு. உள்ள எல்லாத்தையும் பாக்கணும்னு ஓடாம நேரா வெண்கலச் சிலை கேலரிக்குப் போங்க, திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கதான் இருக்கு. அர்த்தநாரி முன்னாடி நின்னு ரெண்டு பக்கத்து இடுப்பும் எப்படி வேற வேற மாதிரி வளைஞ்சிருக்குன்னு பாருங்க.

டிசம்பர் பாதிக்கு மேலன்னா மயிலாப்பூர், ராயப்பேட்டை பக்கம் சபா கச்சேரி நடக்கும், பல இடத்துல பகல் கச்சேரிக்கு டிக்கெட் கெடையாது. பாட்டு தெரியாட்டியும் கேன்டீன் தெரியும்லா, அங்க போயி சாப்பிட்டுட்டு வாங்க. ஞாயிறு காலைல மெரினா. கடல் நம்ம ஊர்ல இல்லாததான்னு கேப்பீங்க, கரெக்ட்டு, அதனால அரைமணி நேரம் போதும். தண்ணிக்குள்ள எறங்காதீங்க, கடக்கரைல பொறந்தவன்னு அந்தக் கடலுக்குத் தெரியாது.

மணவாளக்குறிச்சி: சாப்பாடு சொல்லுங்க அண்ணாச்சி. நம்ம மீன் கொழம்பு கெடைக்குமா?

கெடைக்காது. தேங்கா அரச்சு ஊத்துன நம்ம மீன் கொழம்பையும் மரச்சீனிக் கெழங்கையும் தேடி அலைஞ்சு ரெண்டு நாள வீணாக்காதீங்க, திங்கக்கிழமை வீட்டுல இருக்கும். அங்க கெடைக்கிறத தின்னுங்க. பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் பக்கம் அத்தோ கடை, சாயங்காலம் போனா ஆரஞ்சு கலர் நூடுல்ஸ கடைக்காரரு கையாலயே பெசஞ்சு, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணியும் போட்டுத் தருவாரு, கூட வாழைத்தண்டு சூப்பு. எழும்பூர்ல இருந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல கொஞ்ச நேரம்தான். சௌகார்பேட்டைல முறுக்கு சாண்ட்விச். காலைல திருவல்லிக்கேணி ரத்னா கபேல இட்லி, சாம்பார இட்லி முங்குற வரைக்கும் ஊத்துவாங்க, தொட்டுச் சாப்பிடுற ஆளுங்களுக்கு மொதல்ல அதிர்ச்சியாத்தான் இருக்கும்.

ஆரல்வாய்மொழி: ஸ்வெட்டர் வேணுமா?

வேண்டாம். ராத்திரி 20, 21 டிகிரி, அவ்வளவுதான், ஆரல்வாய்மொழி காத்துல நின்னவனுக்கு அதெல்லாம் ஒரு குளிரா? கொடை எடுத்துக்கோங்க. டிசம்பர் மொத ரெண்டு வாரம் மழைய நம்பவே முடியாது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல ட்ரெயினெல்லாம் ரத்தாச்சு. எனக்குக் கேட்டா ஜனவரிதான், பொங்கலுக்கு முந்தின வாரத்த விட்டுடுங்க.

பேச்சிப்பாறை மாமா: மருமவனே, ஹாக்கி பாக்க மெட்ராஸ் வரைக்கும் எதுக்குடே? கோவில்பட்டி பக்கத்துலதானே கெடக்கு.

மாமா சொல்றது நூத்துக்கு நூறு. நம்ம வண்டி போற வழிதான் கோவில்பட்டி, டர்ஃப் மைதானம் இருக்கு, கோடை லீவுல அகில இந்திய டோர்னமெண்ட் நடக்கும், கடலமிட்டாய்க்கு எவ்வளவு பேரோ ஹாக்கிக்கும் அவ்வளவு பேரு அந்த ஊருக்கு. இந்தியாவுக்கு ஆடுன மாரீஸ்வரன் அந்த ஊருக்காரரு, அரியலூர் கார்த்தியும் அங்கதான் பயிற்சி எடுத்தாரு. மே மாசம் போவோம், நீங்களும் வாங்க, கார்ல முன்சீட்டு உங்களுக்கு. ஆனா இந்தப் பயலுவ கேக்குறது ஹாக்கியோட மெட்ராஸும் சேத்து மாமா, வீட்டுல ஹாக்கின்னு சொன்னாத்தான் விடுவாங்களாம்.

இரணியல்: செலவுக் கணக்கு யாரு பாக்குறது? போன தடவ கோவா போயி சண்டையாகி மூணு மாசம் பேசல.

ஏறும்போதே ஆளுக்கு இவ்வளவுன்னு ஒருத்தன் கைல குடுத்துடுங்க, ரூம், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் அதுல இருந்து. ஷாப்பிங் அவங்கவங்க காசு. கணக்கு வைக்கிறவன் குடிக்காத ஆளா இருக்கணும்.

கருங்கல்: ஸ்டேடியத்துக்குள்ள என்னெல்லாம் விடுவாங்க? எங்க பயலுவ செண்டை கொண்டு வரணும்ங்கிறானுவ.

செண்டைக்கு முன்கூட்டியே கேட்டுக்கோங்க, கொடியும் தொண்டையும் போதும்ங்கிறது என் அபிப்ராயம். பெரிய போட்டின்னா கேட்ல சோதனை இருக்கும், தண்ணி பாட்டில், லைட்டர், பவர் பேங்க் எல்லாம் புடுங்கி வச்சுட வாய்ப்பு உண்டு, அப்புறம் அத யாரும் திருப்பித் தரமாட்டாங்க. பைய ரூம்லயே வச்சுட்டு போனும் டிக்கெட்டும் மட்டும் எடுத்துட்டுப் போங்க, சார்ஜ் ஃபுல்லா போட்டுக்கோங்க, டிக்கெட் போன்லதான் இருக்கும்.