சிறிய பயண டிரெய்லரின் முன்பக்க ஜாக்கியை நாமே மாற்றலாமா?

கேள்வி: காரின் பின்னால் இழுத்துச் செல்லும், இரண்டு பேர் தங்கும் அளவுக்குச் சிறிய பயண டிரெய்லர் வைத்திருக்கிறோம். காரிலிருந்து பிரிக்கும்போது முன்நுனியை ஏற்றி இறக்கித் தாங்கும் முன்பக்க ஜாக்கியின் ஹேண்டிலைச் சுற்றினால் கறகறவென்று சத்தம். பாதி உயரத்தில் இறுகிக்கொள்கிறது. நானே மாற்ற முடியுமா? மாற்றுவதென்றால் மின்சார ஜாக்கிக்கே போய்விடலாமா?

மாற்றலாம். மூன்று போல்ட், அவ்வளவுதான். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்கு முன்னால் வேறொரு ஜாக்கியை வாங்கி, மாட்டி, கழற்றி, திருப்பி அனுப்பி ஒரு வாரத்தை வீணடித்த கதையும் உண்டு. அளவெடுக்காமல் வாங்கியதால் வந்த வினை. அதனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டியதைத்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில், உங்கள் ஜாக்கி உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். டிரெய்லரைக் காரோடு இணைத்து, சுமை ஜாக்கியின் மேல் இல்லாதபோது ஹேண்டிலைச் சுற்றுங்கள். சுமை இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், சுமை வந்தால் மட்டும் கறகறத்தால், உள்ளே கிரீஸ் வறண்டிருக்கும் அல்லது கியரின் பல் தேய்ந்திருக்கும். கிரீஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதை வைத்தாலே சரியாகிவிடும். ஹேண்டில் சுற்றுகிறது, ஜாக்கியின் கால் மட்டும் நகரவில்லை என்றால் ஹேண்டிலைத் தண்டோடு பிணைக்கும் சின்ன பின் அறுந்திருக்கலாம். அதற்காக முழு ஜாக்கியையும் மாற்றுவது, பொத்தான் அறுந்ததற்குச் சட்டையைத் தூக்கிப் போடுவது போல. ஆனால் சுமை இல்லாதபோதும் ஒவ்வொரு முறையும் அதே உயரத்தில் இறுகுகிறதென்றால், உள்குழாய் வளைந்திருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான். ஜாக்கியின் காலை முழுக்க இறக்கி உள்குழாயைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மேற்பூச்சு போய்ப் பளபளவென்று தேய்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். வளைந்த குழாயை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். நிமிர்ந்த மாதிரி இருக்கும், மறுபடி சுமை ஏறும்போது அதே இடத்தில் மடங்கும்.

எனக்கு எப்படி வளைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும் அவசரத்தில் ஜாக்கியை முழுக்க மேலேற்றவில்லை. நாலு விரல் அளவு தொங்கிக்கொண்டிருந்தது. “என்னங்க, அது இன்னும் கீழயே இருக்கே” என்று மனைவி சொன்னார். “அது போதும், தரையில படாது” என்றேன் நான். சமதரையில் படவில்லைதான். சாலையிலிருந்து ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது ‘ணங்’கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் அடித்தட்டு பின்பக்கமாகச் சாய்ந்து, கும்பிடு போடுகிற மாதிரி நின்றது. மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சரி, அளவுக்கு வருவோம்.

டிரெய்லரின் முன்னால் முக்கோணமாகக் கூடும் இரும்புச் சட்டத்தின் நுனியில், கப்ளருக்கு (காரின் இணைப்பு உருண்டையைக் கவ்வும் பூட்டு) சற்றுப் பின்னால், ஒரு வட்டத் துளை இருக்கும். அதில்தான் ஜாக்கி இறங்கி நிற்கிறது. முக்கோணச் சட்டமுள்ள பெரும்பாலான டிரெய்லர்களில் 2¼ அங்குல விட்டமுள்ள குழாய்தான் வரும், அதைச் சுற்றி மூன்று போல்ட். இது கிட்டத்தட்ட பொது அளவு போல ஆகிவிட்டது, ஆனாலும் ஒரு தடவை அளந்து பாருங்கள். மிகச் சிறிய டிரெய்லர்கள் சிலவற்றில் முக்கோணம் இருக்காது. ஒற்றைச் சட்டம்தான், அதன் பக்கவாட்டில் கவ்விக்கொண்டு மடங்குகிற ஜாக்கி இருக்கும். அது வேறு இனம், அதற்குச் சட்டத்தின் அகலமும் உயரமும் வேண்டும். இன்னும் சிலவற்றில் ஜாக்கியை வெல்டிங் வைத்தே ஒட்டியிருப்பார்கள். உங்களுடையது அப்படி என்றால் இதை வெல்டிங் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். வெல்டிங்கை அறுக்கும்போது கை வழுக்கிக் கப்ளர்த் தகட்டில் கிரைண்டர் பட்டால், டிரெய்லரை இழுக்கும் உறுப்பே பலவீனமாகும்.

அடுத்தது எடை தாங்கும் திறன். டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் முன்நுனியில் இறங்கும், அப்படி இறங்கினால்தான் பின்னால் ஆட்டம் இல்லாமல் வரும். 3,500 பவுண்ட் டிரெய்லர் என்றால் நுனியில் 350 முதல் 525 பவுண்ட். கணக்குப்படி 1,000 பவுண்ட் ஜாக்கியே போதும் என்று தோன்றும். ஆனால் எடையைப் பகிர்ந்துகொடுக்கும் ஸ்பிரிங் பார் வைத்து இழுப்பவர்கள், அந்தப் பாரை மாட்டவும் கழற்றவும் காரின் பின்பக்கத்தையும் சேர்த்தே ஜாக்கியால் தூக்குவார்கள். அப்போது சுமை எக்கச்சக்கமாகும். சின்ன டிரெய்லருக்கு 2,000 பவுண்ட் வகை நன்றாகவே தாங்கும். ஸ்பிரிங் பார் இருந்தால் 3,500க்குப் போங்கள்.

உயரத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கால் எவ்வளவு நீளும் என்பதை மட்டும் பார்த்து வாங்குவார்கள். முழுக்க மேலே இழுத்தபிறகு அது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதும் அதே அளவு முக்கியம். இரண்டு அளவு எடுங்கள். டிரெய்லர் காரோடு இணைந்து சமமாக நிற்கும்போது ஜாக்கியை போல்ட் போட்டு மாட்டும் தகட்டிலிருந்து தரைக்கு எவ்வளவு? இணைப்பு உருண்டையைத் தாண்டிக் கப்ளர் மேலே எழும்ப இன்னும் எவ்வளவு ஏறவேண்டும்? கால் நீளம் போதவில்லை என்றால், பின்னைப் பிடுங்கி அடிக்காலைத் தனியாக இறக்கிக்கொள்ளும் வகை கிடைக்கிறது. அது வசதி. சுற்றும் வேலை பாதியாகும்.

கடைசியாக ஹேண்டில். நான் முதலில் வாங்கித் திருப்பி அனுப்பிய ஜாக்கி தோற்றது இதில்தான். மேலே நின்று சுற்றும் வகை அது. மாட்டி முடித்து, பெருமையாக ஒரு சுற்று சுற்றினால் டக்கென்று பக்கத்திலிருந்த கேஸ் சிலிண்டர் மூடியில் இடித்தது. பழைய ஹேண்டில் ஒரு அங்குலம் குட்டை, அதனால் அது தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலே சுற்றும் ஹேண்டில் முழு வட்டம் அடிக்கும் என்பதால் ஜாக்கியை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் பயனில்லை. பக்கவாட்டில் சுற்றும் வகையாக இருந்தால் தப்பிக்கலாம். மூன்று போல்ட் துளைகளும் சம இடைவெளியில் இருப்பதால், மூன்றில் ஒரு பங்கு திருப்பினால் ஹேண்டில் வேறு திசைக்குப் போய்விடும். இரண்டாவது தடவை அதைத்தான் வாங்கினேன். காரின் பின்கதவையும் மறக்காதீர்கள். கீழ்நோக்கித் திறக்கும் கதவு என்றால், டிரெய்லர் இணைந்திருக்கும்போது அது ஜாக்கியின் தலையில் இடிக்குமா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

பின்கதவுப் பேச்சு வந்ததால் மின்சார ஜாக்கியையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அதன் தலை மோட்டாரோடு சேர்த்துக் கனமாக, பருமனாக இருக்கும், கதவு இடிக்கும் ஆபத்து அதிகம். 12 வோல்ட்டில் ஓடும். பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒரு தனி ஒயர் (பலவற்றில் 30 ஆம்பியர் ஃபியூஸ், உங்களுடையதற்குக் கையேடு சொல்வதைப் போடுங்கள்). எர்த் பெரும்பாலும் ஜாக்கியின் உடல் வழியாகவே, அதாவது அந்த மூன்று போல்ட் வழியாகவே போகும். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் அப்படியே முறுக்கினால் கரண்ட் சரியாகப் போகாது, மோட்டார் முனகும், ஆள் பாட்டரியைத் திட்டிக்கொண்டு இருப்பார். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட வேண்டும். பாட்டரி இறங்கிப்போனால் கையால் சுற்ற ஒரு தண்டு கூடவே வரும், அதைத் தொலைக்காத இடத்தில் வையுங்கள். ஒயர் வேலை செய்யும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். டிரெய்லர் பிரிந்தால் பிரேக் பிடிக்கிற சுவிட்சுக்கான ஒயரில் கைவைக்காதீர்கள், அது நேரே பாட்டரிக்குப் போக வேண்டியது.

வாங்கலாமா? தோள்வலி, முதுகுவலி இருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள். மற்றபடி இரண்டு பேர் தங்கும் டிரெய்லருக்கு நான் கைஜாக்கிதான் சொல்வேன். முப்பது நாற்பது சுற்றில் முடிகிற வேலைக்கு ஒரு மோட்டார், ஒரு ஃபியூஸ், ஒரு எர்த் எல்லாம் வைத்துக் கெட்டுப்போகிற சாமான்களைக் கூட்டுவானேன்?

இனி மாற்றும் வேலை. முதல் நாள் இரவே மூன்று போல்ட்டுக்கும் துரு நீக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் சமதரையில், டிரெய்லரைக் காரோடு இணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கப்ளரைப் பூட்டி, பூட்டில் அதன் பின்னைச் செருகி, சங்கிலி மாட்டி, காரின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். காருடன் இணைக்க முடியாவிட்டால் சட்டத்தின் இரண்டு பக்கமும் ஜாக்கி ஸ்டாண்ட் முட்டுக் கொடுக்கலாம். நான் கார், ஸ்டாண்ட் இரண்டையுமே வைத்தேன். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் வேண்டாம், அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். டிரெய்லரின் நான்கு மூலையிலும் ஆட்டம் நிறுத்தும் குட்டி ஜாக்கிகள் இருக்குமே, அவை தூக்குவதற்கானவை அல்ல, அவற்றை நம்பி முன்பக்கத்தைக் கழற்றாதீர்கள். எந்தக் கட்டத்திலும் கப்ளருக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது.

ஜாக்கியின் காலை முழுக்க மேலேற்றிவிட்டு அடித்தட்டின் பின்னைப் பிடுங்குங்கள். தட்டு துளையைவிட அகலம், அது இருந்தால் ஜாக்கி மேலே வராது. அப்புறம் போல்ட். எனக்கு இரண்டு சமர்த்தாகக் கழன்றன. மூன்றாவது நட்டோடு சேர்ந்தே சுழன்றது. ராட்செட் டக் டக்கென்று ஓடுகிறது, போல்ட் ஒரு நூல்கூட மேலே வரவில்லை. கீழே நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடிக்கவேண்டும் என்று உறைக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது. சில டிரெய்லர்களில் நட்டே இருக்காது, தகட்டிலேயே மரை வெட்டியிருப்பார்கள். அங்கே பலம் காட்டினால் மரை போய்விடும், எண்ணெய் விட்டு முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அதே தடிமனில், அதே தரத்தில் புதியது வாங்குங்கள். 3/8 அங்குலமாக இருக்கும் பெரும்பாலும்.

போல்ட் போனதும் ஜாக்கி தானாக வந்துவிடாது. துருவில் கடித்துக்கொண்டிருக்கும். இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே மேலே தூக்கினால் ஒரு கட்டத்தில் ‘சரக்’கென்று விடுபடும். வெளியே எடுத்ததும் துளையைப் பார்த்தேன், உள்விளிம்பு முழுக்கச் செதில் செதிலாகத் துரு. கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துருத் தடுப்பு பெயின்ட் அடித்து, காயவிட்டேன். நான் சொன்ன முக்கால் மணி நேரத்தில் இப்படிக் காயவிட்ட நேரம் சேர்த்தி இல்லை.

புதியதை மேலிருந்து இறக்கி, ஹேண்டில் திசையைப் பார்த்து, மூன்று போல்ட்டையும் கையால் பாதி முறுக்கிவிட்டு, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுசாக இறுக்கினால் ஜாக்கி சாய்ந்து உட்காரும். அடித்தட்டைப் பின்னோடு மாட்டிவிட்டு, சுமை இல்லாமல் மேலும் கீழும் ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பாருங்கள். அதன்பிறகுதான் சுமை. ஒரு பயணம் போய் வந்ததும் போல்ட்டைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவும். எனக்கு ஒன்றில் கால் சுற்று தளர்வு இருந்தது.

உள்ளே கியருக்கு கிரீஸ் வைக்கும் குமிழ் இருந்தால் வருடத்துக்கு ஒரு தடவை வையுங்கள். வெளியே தெரியும் உள்குழாயில் கிரீஸ் பூசாதீர்கள், தூசியெல்லாம் ஒட்டி அதுவே உப்புத்தாள் ஆகிவிடும். துடைத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே போதும். நிறுத்தும் இடத்தில் காலுக்கு அடியில் ஒரு தடித்த மரக்கட்டை வைத்தால் குழாய் அவ்வளவு நீள வேண்டியிருக்காது, பக்கவாட்டுத் தள்ளலில் வளையும் வாய்ப்பும் குறையும்.

இப்போது எங்கள் ஜாக்கி ஹேண்டிலில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கால் முழுக்க மேலேறினால் மட்டுமே அதை அவிழ்த்துக் காரின் கண்ணாடியில் தொங்கவிட வேண்டும், கண்ணாடியில் துணி இல்லையென்றால் வண்டி நகராது. ஏற்பாடு மனைவியுடையது.