வாகைக்குளம் விமான நிலையம்: வாசகர் கேட்டதும் சொன்னதும்

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புது முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளமும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. அதிலிருந்து பயணம் பற்றிய கேள்விகள் கூடிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில்.

டிக்கெட் தேடும்போது ‘திருநெல்வேலி’ என்று போட்டால் ஒன்றும் வரவில்லையே? (பாளையங்கோட்டை)

வராது. டூட்டிகோரின் அல்லது தூத்துக்குடி என்று தேடுங்கள். குறியீடு டி.சி.ஆர். திருச்சிக்கு டி.ஆர்.இசட்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. மூன்றும் ‘டி’யில்தான் தொடங்கும். பணம் கட்டுமுன் ஊர்ப் பெயரை இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

மகன் வளைகுடாவிலிருந்து வருகிறான். தூத்துக்குடியா, மதுரையா, திருவனந்தபுரமா? (கடையநல்லூர்)

தூத்துக்குடிக்கு உள்நாட்டு விமானங்கள் மட்டுமே. அங்கே இறங்க வேண்டுமானால் சென்னையிலோ பெங்களூரிலோ விமானம் மாற வேண்டும். வளைகுடா விமானங்கள் நிறைய இருப்பது திருவனந்தபுரத்தில். தென்காசிப் பக்கத்துக்காரர்கள் செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலையைத் தாண்டினால் போதும். உங்களுக்கு என் முதல் தேர்வு அதுதான்.

நெல்லை, பாளை, மேலப்பாளையம் ஆட்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போகலாம், தூரமும் மலைப்பானதில்லை. ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலில் நேரத்தை நம்ப முடியாது. மதுரைக்கு நான்கு வழிச்சாலை, நிம்மதியாகப் போகலாம். அங்கே நேரடி விமானம் கிடைத்தால் மதுரை. கிடைக்காவிட்டால் சென்னையில் மாறி வாகைக்குளத்தில் இறங்குவது. டிக்கெட்டில் இரண்டாயிரம் மிச்சம் என்று தூரத்து நிலையத்தைப் பிடித்து, அதைக் கார் வாடகைக்குக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டு முதலாவது தாமதமானால், இரண்டாவது நிறுவனம் உங்களுக்காகக் காத்திருக்காது, பணமும் திரும்பாது.

சென்னைக்கு வந்தே பாரத் இருக்கும்போது விமானம் எதற்கு? (தச்சநல்லூர்)

நியாயமான கேள்வி. 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத், எழும்பூருக்குச் சுமார் எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. விமானம் பறப்பது ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் வாகைக்குளம் போக முக்கால் மணி, முன்கூட்டியே போய் நிற்பது ஒன்றரை மணி, மீனம்பாக்கத்தில் பெட்டிக்காகக் காத்திருப்பது என்று கூட்டினால் ஐந்து மணி வந்துவிடும். மூன்று மணி நேரம் மிச்சம். போன அன்றே வேலை முடிய வேண்டுமானால் விமானம். இல்லையென்றால் ரயில், அல்லது ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்.

பஸ்ஸில் போகலாமா? (மேலப்பாளையம்)

போகலாம். தூத்துக்குடி பஸ்ஸில் ஏறும்போதே வாகைக்குளத்தில் நிற்குமா என்று கண்டக்டரிடம் கேளுங்கள். இடைநில்லாப் பேருந்து நிற்காது. மெயின் ரோட்டில் இறங்கி முனையம் வரை பெட்டியை இழுத்துக்கொண்டு போக வேண்டும். சின்னப் பை என்றால் சரி. குடும்பத்தோடு என்றால் கார்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. விமானத்தில் படி ஏற வேண்டியிருக்குமா? (அம்பாசமுத்திரம்)

ஏ.டி.ஆர். ரகச் சின்ன விமானம் (இறக்கையில் காற்றாடி சுழல்வது) என்றால் ஆமாம். பின்பக்கக் கதவே படியாக இறங்கும், அதில்தான் ஏற வேண்டும். அதிகப் படிகள் இல்லை, ஆனால் குறுகல். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்துவிடுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் திண்டாட்டம். தலைக்கு மேலே உள்ள பெட்டி வைக்கும் இடமும் சிறியது.

காலை விமானத்தில் இறங்கி, சாயங்காலம்தான் திருநெல்வேலியில் கல்யாண வரவேற்பு. நடுவில் என்ன பார்க்கலாம்? (சென்னையில் இருக்கும் ஒரு நெல்லைக்காரர்)

நேராக லாட்ஜுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள். தாமிரபரணியின் கடைசிக் கட்டம் முழுக்க அந்தப் பக்கம்தான்.

முதலில் ஆதிச்சநல்லூர். ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றைத் தாண்டித் தென்கரையில் மேற்கே திரும்பினால் வரும். பழங்காலத்தில் இறந்தோரைத் தாழியில் வைத்துப் புதைத்த பறம்பு அது. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. ரீ எடுத்த பொன் பட்டங்கள் முதலானவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, அதனால் தங்கத்தைத் தேடி வராதீர்கள். இப்போது குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை இருந்த இடத்திலேயே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எழும்பூரில் எவ்வளவு பார்த்திருந்தாலும் இந்த மண்ணில் நின்று பார்ப்பது வேறு. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், பறம்பில் நிழல் கிடையாது.

பெருமாள் பக்தர் என்றால் கிழக்கே ஆழ்வார்திருநகரி பக்கம்தான், நம்மாழ்வார் அவதரித்த தலம். நவதிருப்பதி என்னும் பெருமாள் தலங்கள் ஒன்பதையும் அரை நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். மதியம் நடை சாத்தினால் நான்கு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். அதற்குள் ஓடினால் எதையும் பார்த்ததாக இராது. ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும் போதும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால், திருநெல்வேலி போகும் வழியிலேயே முறப்பநாடு. நவகைலாயம் என்னும் ஒன்பது சிவத் தலங்களில் குரு தலம். ஆறு இங்கே வடக்கே திரும்பி ஓடும், நந்திக்குக் குதிரை முகம். பக்கத்து வல்லநாட்டுக் குன்றில் வெளிமான் (பிளாக்பக்) சரணாலயம். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தெற்குக் கோடி இதுதான். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு, காலையோ மாலையோ போனால் கண்ணில் படும். நடுப்பகலில் முள்ளுப் புதர்தான் தெரியும்.

இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான் கிடைக்கும் என்பதை நெல்லைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருச்செந்தூரில் கொடுத்த தேங்காயைக் கொண்டுவரலாமா? (தூத்துக்குடி)

கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்துவார்கள். முழுத் தேங்காயை, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கொப்பரை அதிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பற்றும் பொருளாக 2022இல் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். கருப்பட்டியும் அல்வாவும் தாராளமாக வரும், எடைக்கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறுகாய் பெட்டிக்குள்.

டிசம்பரில் வரலாமா? (பெங்களூரு)

வரலாம், ஆனால் கடைசி நாளை நெருக்கிப் பிடிக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பேரோடு நின்றுபோனது. அப்படி எல்லா வருஷமும் நடப்பதில்லை. இருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வந்தால் திருச்செந்தூர்ப் பயணத்தை முதல் நாளே முடியுங்கள். விமானத்துக்கு முந்தைய இரவு பாளையிலோ தூத்துக்குடியிலோ தங்குங்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளைத் திறந்துவிட்டிருந்தால் ஸ்ரீவைகுண்டம் வழியை விட்டுவிட்டு, சுற்றாக இருந்தாலும் மெயின் ரோட்டிலேயே விமான நிலையம் போய்ச் சேருங்கள்.