கீசர், கேமரா, கதவு: வாசகர் கேள்விகள்

கேள்வி: கீசருக்கு 10 ஆம்பியர் ஸ்மார்ட் ப்ளக் (போனிலிருந்தே போட்டு அணைக்கும் ப்ளக்) வாங்கிவிட்டேன். கீசரின் பெரிய பின்னை அதில் செருக கன்வெர்ட்டர் வைத்து மாட்டலாமா? (மடிப்பாக்கம்)

மாட்டாதீர்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். 10-க்குள் அடங்குகிறதே என்று தோன்றும். தினமும் எல்லையை ஒட்டியே ஓடினால் ப்ளக்குக்குள் கரண்டைப் போட்டு அணைக்கும் ரிலே என்ற குட்டி ஸ்விட்ச் சூடாகும். கன்வெர்ட்டரில் பின் லூசாக உட்கார்ந்தால் பிளாஸ்டிக் உருகிக் கருகல் வாடை வரும். 3000 வாட் கீசர் என்றால் பேச்சே இல்லை, 13 ஆம்பியர். 16 ஆம்பியர் ப்ளக்காக வாங்குங்கள். இருப்பதை டேபிள் ஃபேனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத்தில் அணையும்படி டைமர் வைத்துவிட்டால், போட்டது போட்டபடி ஆபீஸ் கிளம்பினாலும் கவலையில்லை. இந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம் என்பேன்.

கேள்வி: டாலஸில் இருக்கும் மகன், எங்களைக் கேட்காமலே ஹாலில் கேமரா மாட்டிவிட்டுப் போனான். வேறு யாராவது அதில் பார்க்க முடியுமா? (மயிலாப்பூர்)

பாஸ்வேர்டு சரியில்லை என்றால் முடியும், அம்மா. 2016-இல் மிராய் என்ற மால்வேர் (கெடுதல் செய்யும் சாஃப்ட்வேர்), கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப் பிடித்தது. அவற்றை ஏவியே அமெரிக்காவில் பெரிய வெப்சைட்டுகளை முடக்கினார்கள். வெளியாள் மட்டும்தான் பயம் என்றும் இல்லை. ரிங் கேமரா கம்பெனியின் ஊழியர்களே வாடிக்கையாளர் வீட்டு வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு கம்பெனி அந்த வழக்கை முடித்துக்கொண்டது.

மகனிடம் புது பாஸ்வேர்டு போடச் சொல்லுங்கள், லாகின் செய்தால் ஓடிபி கேட்கும்படியும் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், கேமராவைக் கழற்றி வாசல் பக்கம் மாட்டட்டும். நீங்கள் காலை நீட்டி டிவி பார்க்கும் இடத்தில் அது எதற்கு? அக்கறைதான், ஆனாலும் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.

கேள்வி: அலெக்ஸா நாம் கூப்பிடாதபோதும் கேட்கிறதா? (அம்பத்தூர்)

தன் பெயருக்காகக் காதைத் தீட்டியபடியே இருக்கும். பெயர் விழுந்தபின்தான் பேச்சை சர்வருக்கு அனுப்பும். அதைப்போல ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் சிலசமயம் விழித்துக்கொள்ளும். மைக் பட்டனை அழுத்திச் சிவப்பு விளக்கு எரிந்தால் கேட்காது. பழைய பதிவுகளை ஆப்பில் அழிக்கலாம்.

கேள்வி: மழையில் கரண்ட் போனால் ஸ்மார்ட் லாக் திறக்குமா? (பெரும்பாக்கம்)

திறக்கும், பெரும்பாலானவை பேட்டரியில்தான் ஓடுகின்றன. கைரேகைக்கும் பின் நம்பருக்கும் பொதுவாக நெட் வேண்டாம். போன் ஆப்பை மட்டுமே நம்பும் பூட்டு நம் ஊருக்கு ஆகாது; 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பல பகுதிகள் நாள்கணக்கில் கரண்டும் டவரும் இல்லாமல் கிடந்தன. சாவித் துவாரம் உள்ளதாக வாங்குங்கள். சாவியை உள்ளே பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் உண்டு. பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள்.

கேள்வி: சம்ப் மோட்டாருக்கு வைஃபை ஸ்விட்ச் போடச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். (கொளத்தூர்)

தேவையில்லை. மாடி டேங்க் காலியானால் ஓடி, நிரம்பினால் நிற்கும் சாதாரண வாட்டர் லெவல் கன்ட்ரோலர் போதும். சம்ப்பிலும் சென்சார் போடச் சொல்லுங்கள். மெட்ரோ வாட்டர் வராத நாளில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் மோட்டார் காயில் போய்விடும். பழைய ஸ்விட்சையும் கழற்ற வேண்டாம்.