மண்சரிவை அகற்றும் ஊழியர்களுக்கான பயிற்சி: உங்கள் கேள்விக்குப் பதில்

பிரதேச சபை ஊழியர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மண்டபத்தில் வகுப்பு நடத்திய பிறகும், றம்பொடைப் பக்க வளைவில் மண் அள்ளும்போது எச்சரிக்கைக் கூம்புகளை மண்மேட்டுக்கு அருகிலேயே வைக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். மண்டபத்தில் வளைவும் இல்லை, பனிமூட்டமும் இல்லை, வேறென்ன நடக்கும்?

அவர்களை ஒரு வானில் ஏற்றி, சாரதிக்குப் பக்கத்து ஆசனத்தில் மாறிமாறி உட்காரவைத்து, அதே வளைவுக்கு இரு திசையிலிருந்தும் அழைத்து வாருங்கள். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் கடக்கிறது. ஆகவே முதல் எச்சரிக்கைப் பலகை வளைவுக்கு முன்பே தெரிய வேண்டும். இறக்கத்தில் வரும் பக்கத்துக்கு இன்னும் கூடுதல் தூரம் விடுங்கள்: பாரம் ஏற்றிய லொறி, ஈர வீதி, சூடேறிய பிரேக்.

வீதியின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்போது, இரு முனைகளிலும் கொடி காட்டும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாவிட்டால் வோக்கி டோக்கி கொடுங்கள். அதற்குப் பணமில்லை என்பார்கள், தெரிந்ததுதான். அப்போது ஒரு தடி போதும். வரிசையின் கடைசிச் சாரதியிடம் அதைக் கொடுத்தனுப்புங்கள். தடி வந்து சேர்ந்த பிறகே மறுமுனை திறக்கும். மலையக ரயில் பாதையின் டப்லட் முறை போலத்தான்: ஒற்றைப் பாதையில் டப்லட் என்ற அடையாள வில்லை சாரதியின் கையில் இருந்தால்தான் ரயில் நகரும்.

தீயணைப்பு வண்டி, வாகனங்கள் வரும் பக்கத்தில் சற்றுக் குறுக்காக நிற்கட்டும். முன்சக்கரங்கள் ஆட்களை விட்டு விலகித் திரும்பியிருக்க வேண்டும். இன்னொருவர் மண்வெட்டியைத் தொடவே கூடாது. சரிவை அண்ணாந்து பார்த்து விசில் ஊதுவது மட்டுமே அவர் வேலை.